அடித்தவரும் அடிபட்டவரும் சொன்ன ஒரே சொல்

சென்ற மாதம் ஒரு விடியற்காலையில், எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் சுற்றுச்சுவரில், பசை இன்னும் காயாமல் கீழே வழிந்துகொண்டிருந்த ஒரு சுவரொட்டியைக் கண்டேன். முதல் நாள் ஆர்ப்பாட்டத்தில் தடியடி நடத்திய போலீஸாரை எதிர்த்து ஒரு தொழிற்சங்கத்தார் ஒட்டியிருந்த அதில், ‘காவல்துறையின் அராஜகத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. எதிர்க்கடையில் தேநீர் வாங்கிக்கொண்டு பத்திரிகையை விரித்தேன். அதே சம்பவத்தைப் பற்றிய செய்தியில், கூட்டத்துக்குள் புகுந்த அராஜக சக்திகளை அப்புறப்படுத்துவதற்காகவே குறைந்தபட்ச பலத்தைப் பிரயோகிக்க நேர்ந்தது என்று ஓர் அதிகாரி சொன்னதாகப் போட்டிருந்தது. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே கல்லை ஒருவர்மேல் ஒருவர் மாறி மாறி எறிந்துகொண்டிருந்தார்கள்.

இந்த விசித்திரத்தைக் கண்டு நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் சிரித்து முடித்த பின், இந்தச் சொல் எங்கே பிறந்து, யார் யார் வாசலில் நின்று, எவரெவருக்கு ஊழியம் செய்து, கடைசியில் இந்தச் சுவருக்கு வந்து சேர்ந்தது என்று யோசிக்கத் தோன்றியது. ராஜன் இல்லாத நிலையே அராஜகம். தசரதன் மாண்டுபோக, ராமன் வனத்திலும் பரதன் பாட்டன் வீட்டிலும் இருக்க, அயோத்தியின் பெரியோர்கள் வசிஷ்டரிடம் சென்று, மன்னனற்ற நாட்டில் மழை பொய்க்கும், பிள்ளை தகப்பனுக்கு அடங்கமாட்டான், வணிகர் வழிநடக்க அஞ்சுவர், மீனை மீன் தின்பது போல மனிதனை மனிதன் தின்பான் என்றெல்லாம் முறையிட்டதாக வான்மீகி பாடியிருக்கிறார். நம்முடைய பத்திரிகைகள் இந்தச் சொல்லை வழங்குகிற பொருள் அந்த முறையீட்டிலிருந்து வந்தது. ஆனால் மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில், அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் தருமனுக்குச் சொல்லும் கதை வேறு: மன்னனும் தண்டமும் இன்றித் தர்மத்தையே துணையாகக் கொண்டு மனிதர் வாழ்ந்த காலம் ஒன்று முன்பு இருந்ததென்றும், மோகமும் லோபமும் தலையெடுத்த பிறகே அரசன் தேவைப்பட்டானென்றும் அவர் விளக்குகிறார். அரசு என்பது சீர்கேட்டுக்குப் பின் வந்த மருந்தே என்ற எண்ணம், ஆக, ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்ததன்று.

ஐரோப்பாவில் இதே பொருளுடைய சொல்லை வசையாகக் கருதாமல் விருதாக மார்பில் குத்திக்கொண்ட முதல் மனிதர் பிரூதோன் என்னும் பிரெஞ்சுக்காரர். அச்சுக்கோக்கும் தொழிலிலிருந்து எழுத்துக்கு வந்தவர். 1840ல் சொத்துரிமையைப் பற்றி எழுதிய நூலில் தம்மை அராஜகவாதி என்றே கூறிக்கொண்டார். அவருக்குப் பின் ரஷ்யாவின் பிரபு குலங்களில் பிறந்த பக்கூனினும் குரோபோட்கினும் அந்தச் சித்தாந்தத்தை விரித்தார்கள். அவர்கள் கேட்டது குழப்பத்தை அல்ல. தொழிலாளர் சங்கமும் கிராம சமுதாயமும் கூட்டுறவும் கீழிருந்து மேலாகத் தாமே இணைந்து தம் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும், மேலிருந்து கோல் நீட்டும் எஜமானன் தேவையில்லை என்பதே அவர்களுடைய வாதம். பூகோள சாஸ்திரியான குரோபோட்கின் 1902ல் ‘பரஸ்பர உதவி’ பற்றி வெளியிட்ட நூலில், உயிரினங்கள் போட்டியால் மட்டும் பிழைக்கவில்லை, ஒன்றுக்கொன்று துணைநின்றும் பிழைத்தன என்று எறும்பு முதல் மனிதன்வரை சான்று காட்டினார்.

அரசியல் வரைபடத்தில் இவர்களை எங்கே வைப்பது என்று கேட்டால், சோஷலிசக் குடும்பத்தில் பிறந்து, பாகப்பிரிவினை செய்துகொண்டு தனிக்குடித்தனம் போன பிள்ளை என்பேன். முதலாளியின் சொத்துரிமையை மறுப்பதில் அவர்கள் மார்க்ஸின் உடன்பிறந்தார். அந்தச் சொத்தைக் கைப்பற்ற அரசு என்ற கருவி வேண்டும் என்றபோது பங்காளிகள். பாகப்பிரிவினை 1872ல் ஹேக் நகரத்தில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் நடந்தது, பக்கூனின் வெளியேற்றப்பட்டார். மூத்தவன் கைக்குப் போலீஸ் வந்தபோது இளையவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை ரஷ்யாவில் பார்க்கலாம். 1918 ஏப்ரலில், புரட்சி நடந்து ஆறு மாதம் முடிவதற்குள், புதிய சர்க்காரின் ரகசியப் போலீஸ் மாஸ்கோவில் அராஜகவாதிகளின் இருப்பிடங்களைச் சூழ்ந்து சுட்டது. 1921 பிப்ரவரியில் குரோபோட்கின் இறந்தபோது, சவ ஊர்வலத்துக்காகச் சிறையிலிருந்து ஒரு நாள் விடப்பட்ட அராஜகவாதிகள் சிலர், கறுப்புக் கொடிகளோடு தம் ஆசானை வழியனுப்பிவிட்டுச் சொன்ன சொல் தவறாமல் மறுபடி சிறை புகுந்தார்கள். வரி மட்டும் வேண்டாம், சொத்தும் அதைக் காக்கும் துப்பாக்கியும் இருக்கட்டும் என்று சொல்லும் இக்காலத்துத் தனவந்தர் சிலரும் தம்மை அராஜகவாதிகள் என்கிறார்கள். அவர்களை இந்தக் குடும்ப அட்டையில் சேர்க்க எனக்குச் சம்மதமில்லை. மாறாக, ஆட்சியின் பிடியிலிருந்தே ஜனங்கள் விடுபட வேண்டுமென்று பேசிக்கொண்டு, பூதானத்துக்காக ஊர் ஊராக நடந்த விநோபாவும் அவர் பின்னே கதர்த் துண்டோடு போன சர்வோதய ஊழியர்களும் இக்குடும்பத்துக்கு நெருங்கிய உறவு என்றே கருதுகிறேன். அவர்களை அராஜகவாதிகள் என்று குறித்துக்கொள்ள எந்தப் போலீஸ் நிலையத்துக்கும் தோன்றவில்லை.

இவ்வளவு சொன்னதால் நான் அந்தக் கட்சி என்று எவரும் அனுமானம் செய்துகொள்ள வேண்டாம். ரேஷன் கடை வரிசையில் நின்று அரிசி வாங்கி வளர்ந்தவன் நான். என் பேரப்பிள்ளைகள் பிறந்தது அரசாங்க ஆஸ்பத்திரியில். காவிரியின் மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும் பரஸ்பர உதவியினால் மட்டும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்று நம்பும் அளவுக்கு எனக்கு மனித சுபாவத்தில் விசுவாசமில்லை. அராஜகவாதிகளின் பெயரால் நடந்த ஹிம்சைகளையும் மறைக்க வேண்டியதில்லை. 1894ல் பாரிஸ் நகரத்துக் காபிக்கடை ஒன்றில், குடித்துக்கொண்டிருந்த சாதாரண ஜனங்கள் நடுவே ஓர் இளைஞன் வெடிகுண்டு எறிந்தான். அதே வருஷம் பிரான்ஸ் குடியரசுத் தலைவர் கார்னோ குத்திக் கொல்லப்பட்டார். 1901ல் அமெரிக்க ஜனாதிபதி மக்கின்லி சுடப்பட்டார். குற்றம் செய்தவர்களைத் தேடிப் பிடித்து நியாயஸ்தலத்தில் நிறுத்தியது போலீஸின் கடமை. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. என் வழக்கு வேறு. செய்கையைத் தேட வேண்டிய போலீஸ், கொள்கையைத் தேடத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்குச் சிகாகோ நகரத்தின் கதையைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

1886 மே முதல் தேதி, நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையோடு அமெரிக்காவெங்கும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்றாம் தேதி, சிகாகோவில் மக்கார்மிக் அறுவடை இயந்திரத் தொழிற்சாலையின் வாசலில் கூடியவர்கள்மேல் போலீஸார் சுட்டதில் தொழிலாளர் சிலர் மாண்டனர். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் என்னும் வைக்கோல் சந்தைக்கு அருகே பொதுக்கூட்டம் கூடிற்று. மேடை கிடையாது, தெருவோரத்தில் நின்றிருந்த ஒரு பார வண்டியே மேடை. அதன்மேல் ஏறிப் பேசியவர்கள் மூவர்: நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கும் தொழில் கற்று ஜெர்மன் மொழித் தொழிலாளர் பத்திரிகைக்கு ஆசிரியரான ஆகஸ்ட் ஸ்பைஸ், அச்சுத் தொழிலாளியான ஆல்பர்ட் பார்சன்ஸ், ஒரு காலத்தில் மெதடிஸ்ட் பிரசங்கியாக இருந்து, பின் கல் வண்டி ஓட்டிப் பிழைத்த சாமுவேல் ஃபீல்டன். மூவரும் அராஜகவாதிகள் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர்கள்.

நகர மேயர் கார்ட்டர் ஹாரிசன் அந்தக் கூட்டத்துக்குத் தாமே வந்து நின்று கேட்டார். கேட்டுவிட்டு, சற்றுத் தூரத்தில் இருந்த போலீஸ் நிலையத்துக்கு நடந்து சென்று, இன்ஸ்பெக்டர் பான்ஃபீல்டிடம், கூட்டம் சாந்தமாக நடக்கிறது, காத்திருக்கும் சேவகர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டுத் தம் வீடு திரும்பினார். ஜனநாயகத்தில் போலீஸ் பரிபாலனம் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி அன்றைக்கு நடந்துகொண்டவர் அந்த மேயர் ஒருவரே. வானம் கறுத்து மழை வரும் போலிருக்கவே, ஆயிரக்கணக்கில் இருந்த கூட்டம் கலைந்து சில நூறு பேராகிவிட்டது. பார்சன்ஸ் தம் மனைவியோடும் குழந்தைகளோடும் பக்கத்துச் சாலையோர விடுதிக்குப் போய்விட்டார். ஃபீல்டன் பேச்சை முடித்துக்கொள்ளும் தறுவாயில் இருந்தார். இன்னும் பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் அந்தத் தெருவில் வண்டியும் குதிரைச் சாணமும் தவிர வேறொன்றும் மிஞ்சியிராது. அப்போதுதான் பான்ஃபீல்டு சுமார் 176 போலீஸாரை அணிவகுத்துத் தெருவை அடைத்துக்கொண்டு நடத்தி வந்தார். கலைந்து செல்லுமாறு காப்டன் ஒருவர் உத்தரவிட்டார். நாங்கள் அமைதியாகத்தானே இருக்கிறோம் என்று வண்டிமேல் நின்ற ஃபீல்டன் பதில் சொல்லி இறங்கத் தொடங்கினார். இருட்டிலிருந்து ஒரு வெடிகுண்டு பறந்து வந்து போலீஸ் அணியின் நடுவில் விழுந்தது.

அதற்குப் பின் போலீஸார் நாலாபுறமும் சுட்டார்கள். கடைசிக் கணக்கில் போலீஸ் தரப்பில் எட்டுப் பேர் இறந்தனர். அவர்களில் பலர் மேல் பாய்ந்தவை சக போலீஸாரின் குண்டுகளே. பொதுஜனங்களில் குறைந்தது நால்வர் மாண்டனர். குண்டெறிந்தவன் யாரென்று அன்றும் தெரியவில்லை, பின்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் குற்றவாளி கிடைக்காதபோது கொள்கை கிடைத்தது. வாரன்ட் இல்லாமல் வீடு வீடாகவும் அச்சுக்கூடம் அச்சுக்கூடமாகவும் சோதனை நடந்தது; எட்டுப் பேர்மேல் வழக்கு வந்தது. அச்சுக்கோப்பவர், புத்தகம் கட்டுபவர், தச்சர், பொம்மைக்கடை வைத்திருந்தவர் என்று எல்லாரும் கைத்தொழிலும் சிறுதொழிலும் செய்து பிழைத்தவர்கள். குண்டு விழுந்த நேரத்தில் அவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்திலேயே இல்லை. ஊரைவிட்டுத் தப்பி விஸ்கான்ஸினில் மறைந்திருந்த பார்சன்ஸ், விசாரணை தொடங்கிய நாளில் தாமே கோர்ட்டுக்குள் நடந்து வந்து தோழர்களின் பக்கத்தில் உட்கார்ந்தார். இதைப் படித்த முதல் தடவை புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

சர்க்கார் வக்கீல் கிரின்னல், இந்த வழக்கில் விசாரிக்கப்படுவது அராஜகமே என்று ஜூரர்களிடம் ஒளிவுமறைவின்றி வாதித்தார். அராஜகவாதிகளின்மேல் தமக்கு ஏற்கெனவே துவேஷம் உண்டென்று ஒப்புக்கொண்டவர்களையும் நீதிபதி கேரி ஜூரர்களாக உட்காரவைத்தார். ஏழு பேருக்கு மரண தண்டனை. ஒருவருக்குப் பதினைந்து வருஷச் சிறை. இருவருடைய தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. ஒருவர் சிறைக்குள்ளேயே உயிரை மாய்த்துக்கொண்டார். ஸ்பைஸ், பார்சன்ஸ், எங்கல், ஃபிஷர் ஆகிய நால்வரும் 1887 நவம்பர் 11ம் தேதி தூக்கிலிடப்பட்டார்கள். சிகாகோவின் பெரிய பத்திரிகைகள் வெகுவாகத் திருப்தியடைந்தன. தூக்குக்கயிறு வேண்டுமென்று முதல் நாளிலிருந்து எழுதிவந்தவை அவை.

இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் காப்டன் ஷாக் என்னும் போலீஸ் அதிகாரி. பிடித்தது என்று பரிகாசமாகத்தான் சொல்கிறேன். நாள்தோறும் புதுப்புதுச் சதிகளைக் கண்டுபிடித்துப் பத்திரிகைக்காரருக்குப் படையலிட்டவர் அவர். பின்னர் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமும் எழுதினார். அவருடைய மேலதிகாரியும் நகரப் போலீஸ் தலைவராக இருந்தவருமான எபர்சோல்டு, 1889ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார்: அராஜகவாதிகளின் சங்கங்களை உடைத்தான பிறகு, புதிய சங்கங்களைத் தாமே ஆள்விட்டு ஏற்படுத்த ஷாக் விரும்பினாராம், கொதிநிலை ஆறிவிடக் கூடாதாம். பூதம் ஓட்டுகிறவன் ஊரில் பூதம் இல்லாமற் போனால் பிழைப்பது எப்படி? அதே வருஷத்தில் லஞ்ச விவகாரங்கள் வெளிவந்து பான்ஃபீல்டும் ஷாக்கும் பதவி இழந்தார்கள். 1893 ஜூன் 26ம் தேதி, இல்லினாய் மாநில கவர்னர் ஆல்ட்கெல்டு, உயிரோடிருந்த மூவரையும் விடுதலை செய்து நீண்ட அறிக்கை ஒன்று வெளியிட்டார். இரக்கத்தால் மன்னிக்கிறேன் என்று இரண்டு வரியில் முடித்திருந்தால் அவரை எல்லாரும் பாராட்டியிருப்பார்கள். அவரோ ஜூரர்கள் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள், குண்டுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் நிரூபிக்கப்படவில்லை, போலீஸாரிடம் தடியடி பட்ட எவனோ ஒருவன் பழிதீர்த்துக்கொண்டதாகவே தெரிகிறது என்று விவரமாக எழுதினார். 1896ல் தேர்தலில் தோற்றார்.

அந்தத் தூக்குமேடையிலிருந்துதான் மே தினம் பிறந்தது. 1923ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி இந்தியாவில் முதன்முதலாக அந்த நாளைக் கொண்டாடினார். இன்று மே தின விடுமுறையில் வீட்டில் ஓய்வெடுக்கும் போலீஸ் அதிகாரியும், தூக்கிலிடப்பட்ட நான்கு அராஜகவாதிகளின் நினைவைத் தம்மை அறியாமலே அனுஷ்டிக்கிறார்.

நம் நாட்டில் இந்தச் சொல் சட்டப் புத்தகத்தில் ஏறியது 1919 மார்ச்சில். ரௌலட் சட்டம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு, சர்க்கார் கெஜட்டில் இருந்த பெயர் ‘அராஜக, புரட்சிக் குற்றங்கள் சட்டம்’ என்பதாகும். விசாரணையின்றிக் காவல், ஜூரர் இன்றி விசாரணை என்ற இரண்டு கதவுகளை அது திறந்தது. அப்போது காந்தியடிகள் சென்னையில், கதீட்ரல் சாலையில், ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். விடிவதற்கு முன் அரைத்தூக்கத்தில், நாடு முழுவதும் ஒரு நாள் வேலையை நிறுத்தி உபவாசமிருக்கச் சொல்லலாம் என்ற யோசனை அவருக்குத் தோன்றியது. காலையில் ராஜாஜியிடம் சொன்னார். ஏப்ரல் 6ம் தேதி நடந்த ஹர்த்தால் அதுவே. ஒரு வாரம் கழித்து, 13ம் தேதி, ஜாலியன்வாலா பாக். வைசாகிக்காகவும் கூட்டத்துக்காகவும் அங்கே வந்து சுடப்பட்ட குடியானவர்களில் எத்தனை பேர் பக்கூனினைப் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? சட்டத்தின் பெயர் அராஜகவாதிக்கு, குண்டு குடியானவனுக்கு.

மூன்று வருஷம் முன்னதாக, 1916 பிப்ரவரியில், காசியில் ஹிந்து சர்வகலாசாலையின் துவக்க விழாவில், வைஸ்ராயின் வருகைக்காகத் தெருவெங்கும் ரகசியப் போலீஸார் நிறுத்தப்பட்டிருந்ததை எடுத்துக்கொண்டு பேசிய காந்தியடிகள், தாமும் ஓர் அராஜகவாதியே, ஆனால் வேறு வகையைச் சேர்ந்தவன் என்று சொல்லிவிட்டார். மேடையிலிருந்த அன்னி பெஸன்ட் அம்மையார் பேச்சை நிறுத்தச் சொன்னார். சமஸ்தானாதிபதிகள் எழுந்து போனார்கள். ‘வேறு வகை’ என்ற இரண்டு சொற்களின் வித்தியாசத்தை அங்கே கேட்கப் பொறுமை இருந்தவர்கள் சிலரே. போலீஸ் குறிப்பேட்டில் அந்த வித்தியாசத்துக்குப் பத்தியே கிடையாது.

வேறு வகையில் சேராத, அசல் வகையையே சேர்ந்த ஒரு தமிழ்நாட்டு அராஜகவாதியும் இருந்தார் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1887ல் சென்னையில் பிறந்த மண்டயம் பார்த்தசாரதி திருமலாசாரியார், பாரதியார் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ பத்திரிகையை நடத்தியவர்களுள் ஒருவர். அடக்குமுறைக்குத் தப்பி அந்தப் பத்திரிகை புதுச்சேரிக்குப் பெயர்ந்த காலத்தில் உடனிருந்தவர். பிரிட்டிஷ் ஒற்றர்களின் நிழல் படாத நாளே அவர் வாழ்க்கையில் அபூர்வம். லண்டன், பெர்லின் என்று அலைந்து, ரஷ்யா சென்று, 1920ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி தொடங்கப்பட்டபோது அதில் பங்குகொண்டு, எம்.என்.ராயோடு பிணங்கி வெளியேறி, பெர்லினில் அராஜகவாதியானார். ஏகாதிபத்தியத்தின் போலீஸையும் புரட்சியின் போலீஸையும் கிட்டத்தில் பார்த்த பிறகு, போலீஸே வேண்டாம் என்ற முடிவுக்கு ஒரு மனிதர் வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 1935ல் பம்பாய்க்குத் திரும்பினார். ஓவியரான ரஷ்ய மனைவி 1951ல் காலமானார். திருமலாசாரியாரும் 1954ல் வறுமையில் மறைந்தார். அவர் எந்தப் போலீஸ்காரர்மேலும் குண்டெறிந்தவரல்லர். வாழ்நாள் முழுதும் கட்டுரை எழுதினார்.

இதெல்லாம் பழங்கதை, நாகரிக தேசங்களின் போலீஸ் திருந்திவிட்டது என்று சொல்பவர்களுக்கு ஜெனோவாவை நினைவூட்டுகிறேன். 2001 ஜூலையில் இத்தாலியின் அந்தத் துறைமுக நகரத்தில் எட்டு வல்லரசுகளின் தலைவர்கள் கூடினார்கள். எதிர்த்து லட்சக்கணக்கானோர் கூடினார்கள். கறுப்புடையும் முகமூடியும் அணிந்த ஒரு கூட்டம் வங்கிக் கண்ணாடிகளை உடைத்தது, வண்டிகளைக் கொளுத்தியது. அராஜகவாதிகள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களும் அதில் உண்டு. அதைச் செய்தவர்களைப் பிடித்திருந்தால் ஒரு பேச்சும் இல்லை. 21ம் தேதி நள்ளிரவில் போலீஸார் நுழைந்ததோ, வெளியூர் ஆர்ப்பாட்டக்காரர் தங்குவதற்கு விடப்பட்டிருந்த டியாஸ் பள்ளிக்கூடத்தில். படுக்கைப் பைகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களையும், கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களையும் தடியால் அடித்தார்கள். 93 பேர் கைதானார்கள். அறுபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். உள்ளே பெட்ரோல் குண்டுகள் இரண்டு கிடைத்தன என்று மறுநாள் பத்திரிகைக்காரர் முன் காட்டினார்கள். அந்தக் குண்டுகள் முன்னதாக நகரத்தில் வேறோர் இடத்தில் கண்டெடுக்கப்பட்டு, போலீஸாரே பள்ளிக்குள் கொண்டுவந்து வைத்தவை என்பது பின்னர் நியாயஸ்தலத்தில் வெளியாயிற்று. உள்ளே தாம் கண்ட காட்சியைக் கசாப்புக்கு ஒப்பிட்டுச் சாட்சி சொன்னவர் அந்தப் படையிலேயே இருந்த ஓர் அதிகாரி. 2012ல் உயர்ந்த பதவிகளில் இருந்தவர்களின் தண்டனை உறுதியாயிற்று. 2015ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அங்கு நடந்தது சித்திரவதை என்று தீர்ப்பளித்தது. காப்டன் ஷாக் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றிருந்தால் தம் சிஷ்யர்களைக் கண்டு மனம் பூரித்திருப்பார்.

இங்கிலாந்தில் தடி அவ்வளவு பேசுவதில்லை. அங்கே வேஷம் பேசும். 1968ல் லண்டன் போலீஸ் ஏற்படுத்திய ஒரு ரகசியப் பிரிவு, அராஜகவாதிகள், சோஷலிஸ்டுகள், நிறவெறியை எதிர்த்தவர்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்ட சங்கங்களுக்குள் போலீஸாரை வேறு பெயரில் வருஷக்கணக்காக நுழையவிட்டது. இறந்துபோன குழந்தைகளின் பெயரைச் சூட்டிக்கொண்டும், சங்கத்துப் பெண்களோடு குடும்பம் நடத்தியும் அவர்களில் சிலர் வேவு பார்த்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் நடக்கும் விசாரணை 2023ல் தந்த இடைக்கால அறிக்கை, இது வெளியே தெரிந்திருந்தால் அந்தப் பிரிவு சீக்கிரமே இழுத்து மூடப்பட்டிருக்கும் என்று சொல்லிற்று.

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் கூட்டம் கூட்டுவதற்கு இன்றும் 1888ம் வருஷத்து நகரக் காவல் சட்டத்தின் 41ம் பிரிவின்படி அனுமதி கேட்கிறோம். சிகாகோவில் தூக்கு நடந்த மறு வருஷத்துச் சட்டம் அது. பொதுத்தெருவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியாகத் தடுத்துவிட முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 1972லேயே தீர்ப்பளித்திருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தை டில்லி ராம்லீலா மைதானத்தில் நள்ளிரவில் போலீஸார் விரட்டிய வழக்கில், தூக்கமும் ஒரு பிரஜையின் உரிமையே என்று 2012ல் சொல்லியிருக்கிறது. சட்டவிரோதக் கூட்டம் என்று தோன்றினால் முதலில் கலையச் சொல்லவேண்டும், கலையாவிட்டால் தேவையான அளவுக்கு மட்டும் பலம் பிரயோகிக்க வேண்டும் என்பது போலீஸ் பயிற்சிக்கூடத்தில் முதல் பாடம். ஆயினும் 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள்மேல் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் பதின்மூன்று பேர் இறந்தபோது, கூட்டத்தில் சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்றே அதிகார பீடத்திலிருந்து குரல் வந்தது. அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் தன் அறிக்கையில் போலீஸார் அத்துமீறினார்கள் என்று கூறி, அதிகாரிகள்மேல் நடவடிக்கைக்குச் சிபாரிசு செய்தது. ‘சமூக விரோதி’ என்பது, பக்கூனினைக் கேள்விப்படாத அதிகாரி பயன்படுத்தும் ‘அராஜகவாதி’ என்ற சொல்தான்.

இளமையில் ஒரு சிறு பட்டணத்தில் தடியடி ஒன்றை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்து தெரு காலியாகிவிட்டது, மிஞ்சியவை செருப்புகள். ஒற்றைச் செருப்புகள், வார் அறுந்தவை, ஒரு குழந்தையின் சிவப்பு ரப்பர் செருப்பு, யாரோ ஒருவரின் பித்தளைத் தூக்குச்சட்டி, அதிலிருந்து கொட்டிய மோர்ச்சோறு. ஒரு போலீஸ்காரர், அவருக்கும் பாவம் இருபத்தைந்து வயதுக்கு மேலிராது, அந்தச் செருப்புகளைத் தடியால் சாக்கடை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனார். மறுநாள் பத்திரிகையில், விஷமிகளைப் போலீஸார் விரட்டியடித்ததாக இரண்டு வரி வந்தது. அந்தச் சிவப்புச் செருப்பின் சொந்தக்காரி என்ன விஷமம் செய்திருப்பாள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

ஆகையால் என் விண்ணப்பம் போலீஸாருக்கு அல்ல. அவர்கள் கட்டுரை படித்துத் திருந்துவார்கள் என்று நம்புமளவுக்கு நான் வெகுளியல்லன். பத்திரிகைகளில் இரவு வேலை பார்க்கும் உதவி ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இன்றிரவு உங்கள் மேஜைக்கு வரும் போலீஸ் குறிப்பில் ‘அராஜக சக்திகள்’ என்றோ ‘சமூக விரோதிகள்’ என்றோ எழுதியிருந்தால், அதை அப்படியே தலைப்பில் தூக்கிப் போடாமல், அவர்கள் யார், எத்தனை பேர், எந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்று அந்த நிலையத்துக்கு ஒரு தடவை போன் செய்து கேளுங்கள். பதில் வந்தால் அதைப் போடுங்கள். வரவில்லையென்றால், கேட்டதாகவும் பதில் வரவில்லை என்றும் போடுங்கள்.